பெரியப்பாவின் இருமல்

ஊருக்குப் போய்த் திரும்பிய இரண்டாம் மாதம், லிஃப்ட் மெக்கானிக்கின் நாலு வயது மகள் தன் பெரியப்பாவின் இருமலை இரும ஆரம்பித்தாள். அதே நாளில் கடலுக்கு அப்பால் பெரியப்பாவுக்கு இருமல் நின்றுபோனது. ஐம்பதைத் தாண்டிய ஆணின் கனத்த இருமல். முடிவில் ஒரு செருமலும் அதிகாரமான ஒரு "ம்ம்"மும் உண்டு. பாலர் பள்ளி டீச்சர், யாரோ பெரியவர் உள்ளே புகுந்துவிட்டார் என்று திரைச்சீலைக்குப் பின்னாலெல்லாம் தேடினார்.

மெக்கானிக்குக்குப் பெருமை தாங்கவில்லை. ரத்த பாசம் என்று வேலையிடம் முழுக்கச் சொல்லித் திரிந்தார். பயணத்துக்கு முன்பே நர்ஸ் ஒருவர் எச்சரித்திருந்தார்: அங்கே வீட்டில் யாராவது வாரக்கணக்கில் இருமினால் காசநோயாக இருக்கலாம், சின்னப் பிள்ளைகளைச் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும், திரும்பியதும் குழந்தையைக் காட்டுங்கள். "நாங்க அந்தக் காத்துல வளர்ந்தவங்க சிஸ்டர்," என்று நெஞ்சைத் தட்டிக் காட்டிவிட்டு வந்தார். மகள் அந்தக் காற்றில் வளரவில்லை என்பது மண்டையில் ஏறவில்லை. ஆறு பேருக்கான லிஃப்டில் ஏழாவது ஆள் கால் வைத்தாலே கத்துகிற மனிதர், இருமுகிற அண்ணன் மடியில் மகள் ஏறி உட்கார்ந்ததைச் சிரிக்கச் சொல்லிப் படம் எடுத்தார்.

மாலைதோறும் காய்ச்சல் வந்தது. பிள்ளை தூக்கினால் பஞ்சு மாதிரி இருக்கிறாள் என்று மனைவிதான் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார்.

"இது யாரோட இருமல்?"

"எங்க அண்ணனோடது."

"அப்போ அவரும் சோதனை பண்ணிக்கணும்."

எக்ஸ்ரேயில் நோய் தெரிந்தது. மாத்திரைகள் தொடங்கின. மெக்கானிக் லிஃப்டுக்குள் நின்றபடி அண்ணனுக்குப் போன் செய்தார். "எனக்குத்தான் நின்னுடுச்சே தம்பி. நாங்கெல்லாம் இந்தக் காத்துல வளர்ந்தவங்க," என்றார் அண்ணன். இப்படி உளறுகிறவனை நாலு வார்த்தை கேட்கலாம் என்று மெக்கானிக் நிமிர்ந்தபோது எதிரே கண்ணாடியில் அவரே நின்றார்.

வீட்டுக்கு வந்ததும் போனை மகளின் வாயருகே பிடித்தார். அவள் இருமினாள், செருமினாள், "ம்ம்" என்றாள்.

"என்னோடதுதான்," என்றார் அண்ணன். "அதைத் தாங்க அவ்வளவு சின்ன நெஞ்சா கிடைச்சுது."

மறுநாளே அவர் ஆஸ்பத்திரிக்குப் போனார். சளியில் கிருமி இருந்தது. இரண்டு நாடுகளிலும் மாதக்கணக்கில் மாத்திரை விழுங்கினார்கள். முதலில் "ம்ம்" போனது, பிறகு செருமல், ஒரு காலையில் இருமலே இல்லை. இதற்குள் மெக்கானிக், ஊருக்குக் கிளம்பும் குடும்பங்களை மாடிக்கு மாடி லிஃப்ட் வாசலில் வழிமறித்து, வீட்டில் யார் இருமுகிறார்கள் என்று விசாரிக்கத் தொடங்கியிருந்தார். என்னைப் போல ஒரு அறிவாளி ஒரு கட்டடத்துக்குப் போதும் என்று அவரே சொல்வார். பலர் படிக்கட்டில் நடக்கப் பழகிக்கொண்டார்கள்.

கடைசி மாத்திரை முடிந்த வாரம் மகள் எதற்கோ சிரித்தாள். பெரியப்பாவின் சிரிப்பு, ஜன்னல் அதிர. டாக்டர் கேட்டுவிட்டு, நுரையீரல் சுத்தமாக இருக்கிறது, சிரிப்புக்கு மருந்து இல்லை என்று அனுப்பிவிட்டார். அங்கே ஊரில், தான் வேலை பார்க்கும் பஸ் டிப்போவில் பெரியப்பா அன்றிலிருந்து நாலு வயதுப் பெண்பிள்ளையின் குரலில் சிரிக்கிறார். டிரைவர்கள் ஒரு வாரம் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.