எட்டு விழ வேண்டும்

"ஒரே ஒரு தடவை. உருட்டிட்டுப் போயிடறேன்," என்றான் இக்னேஷியஸ். ஒரு கால் செருப்புக்குள் நுழைந்துவிட்டது, மறு கால் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தது. கையில் டிபன் பாக்ஸ்.

"ஒண்ணும் வேணாம். மணி ரெண்டேகால். அடுத்த ஞாயித்துக்கிழமை வந்து உருட்டு," என்றாள் அவன் தங்கை அருள்செல்வி. உருட்டும் கட்டையை எடுத்துத் தன் மடியில் போட்டுக்கொண்டாள்.

"பள்ளத்துக்கு நடுவுல கயித்துல தொங்கறேன்டி. ஒரு வாரமா தொங்கறது?"

"தொங்கு."

பாயில் ஒருக்களித்துப் படுத்திருந்த செங்கல்வராயன் சிரித்தான். "கீழ இன்னா கீதுன்னு பாத்து வெய்யி மாமே. சோறு கீறு கெடச்சா எங்களுக்கும் சொல்லு."

இக்னேஷியஸ் சைக்கிளை இறக்கினான். மணியை ஒரு தரம் அடித்துவிட்டுத் தெருமுனையில் திரும்பினான். இது 1990, ஜூலை மாதம், அம்பத்தூர் ஓ.டி. என்கிற பழைய டவுனில். அன்று ஓவர்டைம்; மூன்று மணி ஷிஃப்ட். தொழிற்பேட்டைக்குள் திரும்பும் வளைவில் இரண்டு முப்பத்தைந்துக்கு ஒரு லாரி வந்தது. மூன்றே காலுக்கு அவன் பிரிவிலிருந்து இருவர் வந்து வாசலில் நின்றார்கள். அருள்செல்வியின் மடியில் அப்போதும் கட்டை இருந்தது.

அது என்ன விளையாட்டு என்று துக்கத்துக்கு வந்தவர்கள் கேட்டபோது அவளால் விளக்க முடியவில்லை. முன்பும் யாருக்கும் அதை ஒழுங்காக விளக்க முடிந்ததில்லை.

இரண்டு வருடங்களுக்கு முன் பூந்தமல்லியில் பழைய பேப்பர் கடை ஒன்றில் அந்த ஆங்கிலப் புத்தகத்தை ரகுநாதன் கண்டெடுத்தான். அவன் இக்னேஷியஸ் வேலை செய்த பட்டறையிலேயே இன்ஸ்பெக்ஷன் பிரிவில் இருந்தான். புத்தகத்துக்கு அட்டை இல்லை, முதல் பன்னிரண்டு பக்கமும் இல்லை. பதின்மூன்றாம் பக்கத்திலிருந்து படித்துப் புரிந்துகொண்டது இவ்வளவுதான்: பலகை கிடையாது, காய் கிடையாது. ஒருவர் கதை சொல்ல வேண்டும். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் நின்று, நான் இதைச் செய்கிறேன், அதைச் செய்கிறேன் என்று சொல்ல வேண்டும். செய்தது பலித்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும்.

"அதெல்லாம் சரி, கெலிக்கறது யாரு? அத மொதல்ல சொல்லு," என்று மூன்று வாரம் நச்சரித்தான் செங்கல்வராயன். அவன் பஸ் கண்டக்டர், ஐயப்பன்தாங்கல் டெப்போ. இக்னேஷியஸுக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே கூட்டாளி.

"யாரும் கெலிக்கறதில்ல அண்ணே," என்றாள் அருள்செல்வி.

"யாரும் கெலிக்கலன்னா அது இன்னாத்துக்கு வெளையாட்டு? பஜனையா?"

அருள்செல்வி ஆவடியில் ஒரு பள்ளி அலுவலகத்தில் தட்டச்சர். ஆங்கிலம் அவளுக்குத்தான் ஓடும் என்று கதை சொல்லும் பொறுப்பை அவள் தலையில் கட்டினார்கள். புத்தகத்தில் இருந்த குகையை அவள் செம்பரம்பாக்கம் ஏரிக்கரைக்கு அடியில் கொண்டுவந்து வைத்தாள். பத்துமுகப் பகடை வேண்டும் என்றது புத்தகம். அம்பத்தூரில் அதை எங்கே போய்க் கேட்பது? டூல்ரூமில் மில்லிங் மெஷின் ஓட்டிய இக்னேஷியஸ், மிஞ்சிப்போன நைலான் துண்டு ஒன்றைப் பத்துப் பட்டையாகச் சீவி, தடித்த பென்சில் போல் ஒரு கட்டை செய்துவந்தான். பட்டைக்கு ஒரு எண், நம்பர் பஞ்ச்சால் அடித்து, சிவப்புப் பெயின்ட் தடவியிருந்தான். தரையில் உருட்டினால் கடகடவென்று போய் நிற்கும். மேலே நிற்கிற எண்தான் விதி.

கதைக்குள் போகிறவன் தன் பெயரை விட்டு, வாள் வீரனாகவோ மந்திரவாதியாகவோ வேறொருவனாகத்தான் போக வேண்டும். அது காணாமல் போன பன்னிரண்டு பக்கங்களுக்குள் இருந்திருக்க வேண்டும். இவர்களுக்கு அது தெரியாது. அருள்செல்வி ஆளுக்கொன்றாகத் தட்டச்சு செய்துகொடுத்த தாளில் 'பெயர்' என்று இருந்த இடத்தில் இக்னேஷியஸ் என்றே எழுதினான். 'தொழில்' என்ற இடத்தில் மில்லர். செங்கல்வராயன் கண்டக்டராகவே குகைக்குள் இறங்கினான். முதல் ஞாயிறே எதிரில் வந்த பூதத்தை நிறுத்தி, "எங்க ஏறின? டிக்கெட்ட காமி" என்றான். பூதம் குழம்பிப்போனதாகக் கட்டையும் சொன்னது. ரகுநாதன் ஒவ்வொரு சுவரையும் தட்டிப் பார்த்து, இது ரிஜெக்ட், இது பாஸ் என்று சொல்லிக்கொண்டே போவான். இக்னேஷியஸ் எந்தக் கதவையும் உடைக்கமாட்டான், கீலைக் கழற்றுவான். ஒன்றரை வருடம், ஞாயிறு தவறாமல், இப்படியே போனது.

கடைசி ஞாயிறு ஒரு பெரிய பள்ளம் குறுக்கிட்டது. ரகுநாதன் கயிற்றின் நுனியை ஒரு பாறையில் முடிச்சுப் போட்டான். செங்கல்வராயன் லாந்தர் பிடித்து நின்றான். இக்னேஷியஸ் முதல் ஆளாகத் தொற்றிக்கொண்டு பாதி தூரம் போனான். மீதியைக் கடக்க எட்டோ அதற்கு மேலோ விழ வேண்டும். அந்த நேரத்தில்தான் மணி பார்த்தார்கள்.

அடக்கம் முடிந்து பத்தாம் நாள் அருள்செல்வி வேலைக்குப் போனாள். கட்டையைக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். ஏன் என்று அவளுக்கே தெரியவில்லை. மதிய இடைவேளையில் பள்ளி ஸ்டோர் ரூமுக்குப் போய்த் தரையில் உருட்டினாள். நான்கு. மறுபடி உருட்டினாள். ஒன்பது. அப்பாடா என்று இருந்தது, ஒரு நிமிஷம்தான். ஒன்பது அவளுக்கு விழுந்தது, அவனுக்கு இல்லை. மறுபடி உருட்டினாள்.

அன்று அவன் கேட்டபோது உருட்ட விட்டிருந்தால் எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? கட்டை கையில் வாங்க, குலுக்க, உருட்ட, விழுந்த எண்ணைப் பார்த்துக் கத்த. செங்கல்வராயன் ஏதாவது கேலி பேசியிருப்பான். இரண்டு நிமிஷம். இரண்டு நிமிஷம் கழித்து அந்த வளைவுக்குப் போயிருந்தால் லாரி போயிருக்கும். ஆனால் அவள் கட்டையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள். 'தொங்கு' என்றாள்.

அவளால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. தட்டச்சு இயந்திரத்தில் தாளைச் செருகிவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடிப்பாள். திரும்பி வந்து தாளை உருவிவிட்டு வேறு தாள் செருகுவாள். மாதா கோயிலில் பூசை நடுவில் வெளியே வந்து செருப்புகளைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். சாயங்காலம் வீட்டுக்குப் போக ஆவடி ஸ்டேஷனில் மின்சார ரயில் ஏற வேண்டியவள், வேறு திசையில் பூந்தமல்லி பஸ்ஸில் ஏறிவிடுவாள். ஏறினால் ஒரு மணி நேரம் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். விழும் எண்களை ஒரு நோட்டில் எழுதத் தொடங்கினாள். ஆகஸ்ட் முடிவில் அறுநூற்றுச் சொச்சம் எண்கள் ஆகிவிட்டன. எந்த எண்ணும் அவனுக்கு ஒட்டவில்லை.

ஒருநாள் அவள் ஏறிய வண்டியில் செங்கல்வராயன்தான் கண்டக்டர்.

"இன்னா தங்கச்சி, இந்தப் பக்கம்?"

"சும்மா."

அவன் மேலே கேட்காமல் டிக்கெட் போடப் போய்விட்டான். பூந்தமல்லியில் எல்லோரும் இறங்கியபின் திரும்பிப் பார்த்தால் அவள் கடைசி சீட்டில் கட்டையை உருட்டிக்கொண்டிருந்தாள்.

"எறங்கலையா?"

"அன்னிக்கு உருட்ட விட்டிருக்கணும் அண்ணே," என்றாள். பிறகு இரண்டு நிமிஷத்தைப் பற்றிச் சொன்னாள். யாரிடமும் சொல்லாததை ஓடாத பஸ்ஸில் முதல்முறையாகச் சொன்னாள். லாரி, வளைவு, மடியில் போட்டுக்கொண்டது, எல்லாவற்றையும்.

செங்கல்வராயன் விசிலை வாயில் வைத்து எடுத்தான். "நான் கூட சிரிச்சினு தானே படுத்துக்கினு இருந்தேன்," என்றான். டிரைவர் டீ குடித்துவிட்டு வந்து ஹாரன் அடித்தார். "ஞாயித்துக்கிழம நானும் ரகுவும் வரோம். பாய எடுத்துப் போட்டு வெய்யி."

"வேணாம் அண்ணே."

"நாங்க ரெண்டு பேரும் குகைக்குள்ளதானே கீறோம்? எங்கள வெளிய உடணும்ல?"

வந்தார்கள். வழக்கமான இடத்தில் உட்கார்ந்தார்கள். நான்காவது இடத்தில் யாரும் காலை நீட்டவில்லை. ரகுநாதன் அவள் நோட்டைப் புரட்டினான். பார்த்தது எண் வரிசை. இன்ஸ்பெக்ஷன் ஆளுக்கு எண் வரிசை கிடைத்தால் போதும், மற்றது மறந்துவிடும். பென்சிலால் ஒவ்வொன்றாகக் கோடு போட்டுப் பார்த்தான்.

"ஏழு ரொம்ப விழுதே," என்றான். பையிலிருந்து வெர்னியர் அளவுகோலை எடுத்துக் கட்டையை அளந்தான். "இங்க பாரு. ரெண்டாம் நம்பர் பட்டை கொஞ்சம் அகலம். அது கீழ படிஞ்சா மேல ஏழுதான் நிக்கும். இக்னேஷியஸ் அவசரத்துல பண்ணியிருக்கான். அன்னிக்கு உருட்டியிருந்தாலும் அனேகமா ஏழுதான்..."

நிறுத்தினான். எட்டு விழ வேண்டும் என்பது அவனுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"நீ இன்னா மனுசன்யா!" என்று செங்கல்வராயன் பாய்ந்தான். "ஊட்டுக்கு வந்து அளந்துகினு கீறான். பொணத்தயும் அளந்து ரிஜெக்ட் போடுவான் போல கீதே!"

"நான் அந்த அர்த்தத்துல சொல்லல..."

"சும்மா இருங்க ரெண்டு பேரும்," என்றாள் அருள்செல்வி. எழுந்து ஜன்னல் வரை போனாள், வந்தாள், மறுபடி போனாள். "அவனுக்காக யாரும் உருட்டக் கூடாது. நானும் இனிமே உருட்டமாட்டேன். அவங்கவங்களுக்கு அவங்கவங்கதான் உருட்டணும். அதுதான் ரூல்."

"அப்ப அவன் அங்கயே தொங்கினு இருப்பானா?"

ரகுநாதன் தலையைக் குனிந்துகொண்டு, பரிகாரம் போல, மெதுவாகச் சொன்னான். "முடிச்சு நான் போட்டது. முடிச்சு தாங்குதான்னு நான் உருட்டலாம். நாலு விழுந்தா போதும். ஏழு நிறைய விழுதுன்னா நமக்கு நல்லதுதானே. தாங்கிடுச்சுன்னா அவன் அப்படியே பத்திரமா இருக்கட்டும், நாம ஆட்டத்த முடிச்சுக்கலாம்."

அது நியாயமாகத்தான் பட்டது. அவள் கட்டையை அவனிடம் கொடுத்தாள். இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துத் தேய்த்துவிட்டு உருட்டினான். கட்டை பாயைத் தாண்டி, சிமென்ட் தரையில் ஓடி, அலமாரிக் காலில் இடித்து நின்றது.

மூன்று.

ரகுநாதன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். அருள்செல்வி கதை சொல்பவள். அடுத்த வரி அவள்தான் சொல்ல வேண்டும். முடிச்சு அவிழ்கிறது. கயிறு பாறையை விட்டு நழுவுகிறது. வாயைத் திறந்தாள். வரவில்லை.

"நான் புடிச்சிக்கினேன்," என்றான் செங்கல்வராயன்.

"என்ன?"

"கயித்த. புடிச்சிக்கினேன்."

ரகுநாதன் செங்கல்வராயனின் தாளைப் பார்த்தான். "நீ லாந்தர் புடிச்சிட்டு நிக்கற. கை காலி இல்ல."

"கீழ போட்டுட்டேன்."

"லாந்தர் போச்சுன்னா நமக்கு வெளிச்சமே கிடையாது."

"இருட்டாவட்டும். எனக்கின்னா பயமா?"

"சரி, அப்ப உருட்டு. ஓடற கயிறப் புடிக்க ஒம்பது விழணும்."

"உருட்ட மாட்டேன்."

"உருட்டாம எப்படி..."

"உருட்ட மாட்டேன்யா! புடிச்சிக்கினேன்னு சொல்றேன்ல? ரெண்டு கையிலயும் சுத்திக்கினேன். பாறையில கால குடுத்துக்கினேன். இனிமே எவன் வந்து கேட்டாலும் உடறதா இல்ல." கண்டக்டர் பையைத் தோளில் மாட்டிய பழுப்புக் கோடு அவன் சட்டையில் தெரிந்தது. கைகள் மெய்யாகவே முன்னால் நீண்டு, முஷ்டி பிடித்திருந்தன. "நீ சொல்லு தங்கச்சி. புடிச்சேனா இல்லையா?"

இருவரும் அவளைப் பார்த்தார்கள்.

அருள்செல்வி ஜன்னலை விட்டு வந்தாள். புத்தகத்தை எடுத்து நாற்பத்தோராம் பக்கத்தைத் திறந்தாள். ஒன்றரை வருடமாக அவள் தாண்டிப்போன ஒரு பத்தி அதில் உண்டு. கதை சொல்பவர் வேண்டாம் என்று நினைக்கும் இடத்தில் பகடை உருட்டத் தேவையில்லை; நடந்ததை அவரே சொல்லலாம். ஆட்டத்துக்குப் புதியவர்களாக இருந்ததால் இவர்கள் எல்லாவற்றுக்கும் உருட்டினார்கள். கதவு திறக்க, தும்ம, சாப்பிட, எல்லாவற்றுக்கும். கட்டை சொல்லாமல் தான் ஒன்றைச் சொல்ல அவளுக்குத் துணிச்சல் வந்ததே இல்லை.

"புடிச்சிட்டீங்க," என்றாள்.

குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போல் கேட்டது. மறுபடி சொன்னாள். "புடிச்சிட்டீங்க அண்ணே. கயிறு நின்னுடுச்சு. லாந்தர் விழுந்து அணைஞ்சு போச்சு. இருட்டு. அவன் தெரியல. ஆனா கயித்துல கனம் இருக்கு."

செங்கல்வராயன் முஷ்டியைத் தளர்த்தாமலே அழுதான். ரகுநாதன் எழுந்துபோய் அலமாரிக் காலடியிலிருந்து கட்டையைப் பொறுக்கி, துடைத்து, அவள் கையில் கொடுத்தான். அவள் அதைப் பையில் போடாமல் அலமாரியில் வைத்தாள். அன்று மூவரும் சேர்ந்து டீ குடித்தார்கள். குடித்து முடிக்கும்வரை அவள் எழுந்திருக்கவில்லை. அதை அவள் கவனிக்கவில்லை, ரகுநாதன்தான் பிற்பாடு சொன்னான்.

ஆட்டம் அதற்கு மேல் ஓர் அடியும் நகரவில்லை. அவர்கள் அதைத் திரும்ப எடுக்கவில்லை. மறுநாள் அவள் ரயிலில் வீடு திரும்பினாள். அதற்கடுத்த வாரம் இரண்டு முறை பூந்தமல்லி பஸ்ஸில் ஏறினாள். போகப் போகக் குறைந்தது; முழுதாக நிற்கவில்லை. 1994-இல் ரகுநாதன் ஓசூருக்கு மாறிப் போனான். செங்கல்வராயன் நசரத்பேட்டைப் பக்கம் வீடு கட்டிக்கொண்டு போனான்.

அவள் தட்டச்சு செய்த தாள்கள் ஒரு ஃபைலில் இருக்கின்றன. செங்கல்வராயனின் தாளில் 'கையில் இருப்பது' என்ற இடத்தில், லாந்தர் என்பதை அடித்துவிட்டு, நீல மையில், கயிறு என்று எழுதியிருக்கிறது.