வண்ணம் படாத பக்கம்

மூன்று மாதமாக என் மனைவி நாலு வண்ணப் பென்சில்களை வைத்துக்கொண்டு வேதாகமத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். இறையியல் கல்லூரியில் அவள் ஆசிரியை. முழு வேதாகமமும் எதைப் பற்றியது என்று புது மாணவர்களுக்கு ஒரே வாக்கியத்தில் சொல்ல வேண்டுமாம். உடன்படிக்கை என்றார் ஓர் ஆசிரியர், மீட்பு என்றார் இன்னொருவர், தேவராஜ்யம் என்றார் மூன்றாமவர், தேவன் மனிதரோடு தங்க வருவதுதான் என்றார் நாலாமவர். முதல்வர் அந்தப் பஞ்சாயத்தை இவள் தலையில் கட்டிவிட்டார். திங்கட்கிழமை கடைசி நாள்.

கருத்துக்கு ஒன்றாகப் பச்சை, சிவப்பு, நீலம், மஞ்சள். எந்த வண்ணம் அதிகமோ அதுதான் மையம் என்பது அவள் கணக்கு. ஆனால் ஒரே வசனத்தின் மேல் மூன்று வண்ணம் ஏறியது. நான் பெயிண்ட் கடையில் வண்ணம் கலக்குகிறவன். நாலையும் ஒரே டப்பாவில் ஊற்றினால் சேற்று நிறம்தான் வரும் என்று சொல்லிப் பார்த்தேன். அவள் முறைத்த முறைப்பில் வாயை மூடிக்கொண்டேன்.

என் குழப்பம் வேறு. நாலு வருஷத்துக்கு முன் எங்கள் ஒரே மகன் ஒரு விதவையைக் கட்டிக்கொண்டான். வேறு தேசத்துக்காரி. அவள் இந்த வாசலை மிதிக்கக் கூடாது என்றாள் என் மனைவி. அவள் இல்லாமல் நானும் வரமாட்டேன் என்று போனவன் போனவன்தான். பேத்திக்கு இரண்டு வயது. கடைத் தொலைபேசியில் மகன் 'பாப்பா பேசறா' என்று கொடுக்க, அவள் மழலையைக் கேட்டிருக்கிறேன், முகத்தைப் பார்த்ததில்லை. மனைவியிடம் பேசலாம் என்று தினமும் நினைப்பேன். வீட்டுக்கு வந்ததும் தைரியம் காற்றில் போய்விடும்.

சனிக்கிழமை மதியம் சாப்பாட்டு மேஜையில் அவள் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒன்றுமே புரியவில்லை, படிக்கப் படிக்க குழப்பம்தான் கூடுகிறது என்றாள். இத்தனை வருஷம் பிள்ளைகளுக்கு என்ன சொல்லிக்கொடுத்தேன் என்றே தெரியவில்லை என்றபோது குரல் உடைந்தது. எனக்குப் பாவமாக இருந்தது. உதவி செய்கிற பாவனையில் புத்தகத்தைப் புரட்டினேன்.

சுவருக்கு வண்ணம் அடித்து முடித்தால் விட்டுப்போன இடத்தைத் தேடுவது என் தொழில் புத்தி. பழைய ஏற்பாட்டில், நாளாகமத்தில் ஒன்பது அதிகாரம் ஏறக்குறைய முழுக்க வெள்ளை. கேட்டேன். வெறும் வம்சப் பட்டியல், பேர்தான், அதில் கருத்து ஒன்றும் இல்லை என்றாள். புதிய ஏற்பாட்டின் முதல் பக்கமும் வெள்ளை. அங்கேயும் பட்டியல், இயேசுவின் முன்னோர்கள். விரலை வைத்துப் படித்துக்கொண்டே வந்தவன் ஒரு பெயரில் நின்றேன்.

"ரூத்துன்னு இருக்கே, இது அந்த ரூத்தா? அவ கதை முழுக்க சிவப்பு அடிச்சிருக்க. இங்க மட்டும் ஏன் விட்டுட்ட?"

"அவதான்" என்றாள். "அவ வேற தேசத்துக்காரி. புருஷன் செத்தவ. மாமியாரோட இங்க வந்து..."

சத்தியமாக நான் உள்நோக்கத்தோடு கேட்கவில்லை. இதைச் சொன்னால் இன்றுவரை அவள் நம்புவதில்லை.

அவள் வண்ணம் தீட்டிய வேதாகமத்தை மூடினாள். பிறகு எழுந்து அலமாரியிலிருந்து எங்கள் குடும்ப வேதாகமத்தை எடுத்தாள். அதன் முன்பக்கத்தில் எங்கள் வீட்டுக் கல்யாணங்களும் பிறப்புகளும் வரிசையாக எழுதியிருக்கும். மகன் பிறந்த தேதியோடு அது நின்றிருந்தது. பென்சில்களைத் தள்ளிவிட்டு என் சட்டைப்பையிலிருந்த, பெயிண்ட் டப்பா மூடியில் எழுதுகிற தடித்த பேனாவை உருவினாள்.

"ஏங்க, அந்தப் பொண்ணு பேரு என்ன?"

எனக்குத் தெரியவில்லை. மகன் ஒரே ஒரு முறை சொன்னான், அன்றைய கூச்சலில் காதில் விழவில்லை. பிறகு நான் கேட்டதில்லை. கேட்டால் அவன் பக்கம் சாய்ந்ததாக ஆகிவிடுமோ என்ற பயம். நாலு வருஷமாக எங்களுக்கு அவள் 'அந்தப் பொண்ணு'தான். வெட்கமாக இருந்தது.

மகனுக்குப் போன் போட்டேன். எடுத்தது அவன் இல்லை, ஒரு பெண் குரல். மனைவி போனைப் பிடுங்கினாள்.

"நான் அவனோட அம்மா பேசறேன். உன் பேரு என்னம்மா?"

கற்றுக்கொண்ட தமிழில், எதுக்குங்க என்று பயந்த குரல் கேட்டது.

"எழுதணும்" என்றாள்.

அந்தப் பெண் சொன்னாள். மனைவி நிறுத்தி நிறுத்தி எழுதினாள். மெல்லிய தாளில் மை ஊறி அடுத்த பக்கத்துக்கும் இறங்கியது.

"பாப்பா பேரும் சொல்லட்டுமா அத்தை?"

'அத்தை' என்று கேட்டதும் மனைவி போனை என் கையில் திணித்தாள். "சொல்லும்மா, மெதுவா சொல்லு, உன் அத்தை எழுதிட்டிருக்கா" என்றேன். மனைவி எழுதவில்லை. பேனா வைத்த இடத்திலேயே இருந்தது, அதன் கீழே கறுப்புப் புள்ளி பெரிதாகிக்கொண்டிருந்தது.