கல்சிலுவையின் இடக்கை

1.
இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல, தொலைபேசியில் வந்தது. ஜெர்மனியின் ஆஹென் நகரில், என் மாணவர் விடுதி அறையில் நூடுல்ஸ் கொதித்துக்கொண்டிருந்தபோது, வுப்பர்டால் நகரில் இருக்கும் எங்கள் ஊர் மகாதேவி அக்கா அழைத்தார்.

"தம்பி கிருபன், சிலுவையின்ர இடக்கை கழண்டிட்டுது. என்ர கையில இருக்கு."

அடுப்பை அணைத்தேன். ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டபடியே எழுதத் தொடங்கினேன். (மனிதாபிமானம் பிறகு வரும்.)

2.
முதல் தொடக்கம்: 'மத்திய காலத்தில் ஜெர்மன் கிராமங்கள் தங்கள் எல்லைகளில் கல்சிலுவைகளை நட்டு…' கல்லூரிக் கட்டுரை வாசனை.

இரண்டாம் தொடக்கம்: 'அத்தனை போர்களையும் தாங்கிய அச்சிலுவையால் மகாதேவி அக்காவை மட்டும்…' உண்மைதான். ஆனால் அக்கா வாசிப்பார்.

3.
நடந்தது இவ்வளவுதான். அக்கா பழைய கார் ஒன்று வாங்கினார். கார்ப் பூசைக்குக் கோயில் தூரம். வழியில், ஊரெல்லை வயலோரம் இடுப்பளவில் ஒரு கல்சிலுவை. எல்லையில் நிற்பவர் எந்த மதமானாலும் காவல்காரர்தானே என்று சந்தனம் வைத்து, கற்பூரம் காட்டி, அடியில் சிதறுதேங்காய் அடித்தார்.

தேங்காய் உடையவில்லை. துள்ளிச் சிலுவையில் மோதியது.

[தேங்காய் இப்போதும் முழுசாக இருக்கிறது. இரண்டு முறை கேட்டுவிட்டேன்.]

சிரிக்கத்தான் இருந்தேன். ஆனால் வரும் திங்கட்கிழமை அக்காவுக்கு ஜெர்மன் குடியுரிமை கொடுக்கிறார்கள். அதற்குள் ஒரு போலீஸ் வழக்கு விழுந்தால் எல்லாம் நின்றுவிடலாம்.

4.
"டிராக்டர் ஒண்டு வருது. நீ கதை எழுதுறனிதானே. சொல்லு, நான் என்ன செய்யிறது?"

முடிவு அ: "கையை டிக்கியில போட்டுக்கொண்டு போங்கோ."
"கொண்டுபோய்? அம்மிக்குழவியாக்கவோ?"

முடிவு ஆ: "காத்தில விழுந்தது எண்டு சொல்லுங்கோ."
"காத்தோ சந்தனமும் பூசினது?"

முடிவு இ: "பேர் கேட்டால் புஸ்பவதி எண்டு சொல்லுங்கோ. கதையில நான் அப்பிடித்தான் மாத்திறனான்."

"ஏன், என்ர பேருக்கு என்ன குறை?" பொதுவாக என் பாத்திரங்கள் இந்த இடத்தில் சம்மதித்துவிடுவார்கள்.

5.
டிராக்டர் நின்றது. "யார் செய்தது?" என்று ஒரு முதியவரின் ஜெர்மன் குரல். 'அக்கா கல்லைப் புல்லில் நழுவவிட்டு…' என்று தட்டச்சு செய்து—

"நான்தான்," என்றார் அக்கா, ஜெர்மனில்.

பிறகு, கேட்காமலேயே, தன் முழுப் பெயரையும் எழுத்தெழுத்தாகச் சொன்னார், அரச அலுவலகத்தில் சொல்வதுபோல. ஓரெழுத்தும் விடுபடவில்லை.

என் விரல்கள் விசைகளின் மேல் அப்படியே நின்றன. முதியவர் பேச மூச்சிழுத்தார். இணைப்பு அறுந்தது.

முதியவர் சொன்னதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். போலீசை அழைக்கட்டும், கையை ஒட்டச் சீமெந்து கொண்டுவரட்டும், உங்கள் பாடு. அக்காவின் பெயரை மட்டும் மாற்றாதீர்கள்.