கர்ச்சீப் பிடித்த இடம்

ராசிங்காபுரத்துப் பவதாரணி சன்னல் வழியாக பஸ்சுக்குள் போட்ட கர்ச்சீப், அவள் ஏறாமலேயே போடிக்குப் போய், கல்லூரி வகுப்பில் பேர் கூப்பிட்டபோது ‘உள்ளேன்’ என்றது. ஐப்பசி மழையில் தக்காளி விலை ஏறியிருந்த வாரம் அது. சந்தைக்குப் போகும் கூடைகள் படிவரை அடைத்திருந்தன. சீட்டுப் பிடிக்க மஞ்சள் கரை போட்ட கர்ச்சீப்பை வீசிவிட்டு ஓடியவளால் படியில் கால் வைக்க முடியவில்லை. அடுத்த பஸ்சில் மத்தியானம் போய்ச் சேர்ந்தபோது, பக்கத்தில் உட்காரும் முத்துப்பிரியா எங்கே போனாய் என்று கேட்கவில்லை. விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தாள். அந்தப் பேச்சின் முன்பாதி பவதாரணிக்குத் தெரியாது. பெஞ்சின் மேல் கர்ச்சீப் மடிப்புக் கலையாமல் கிடந்தது.

அதன் பிறகு பஸ் நிற்காமல் போன நாட்களிலும், கூட்டம் தள்ளிவிட்ட நாட்களிலும் கர்ச்சீப் மட்டும் போய் வந்தது. வருகைப் பதிவு குறையவில்லை. குறைந்தால் பரீட்சை எழுத முடியாது. எழுதாவிட்டால், விடிகாலையில் போடிமெட்டுக்கு ஏலக்காய் எடுக்க ஜீப்பில் போகும் அம்மா சந்திரவல்லியோடு அவளும் போகவேண்டும். அம்மா அதை மிரட்டலாகச் சொல்லவில்லை. ஜீப்பில் ஒரு ஆளுக்கு இடம் இருக்கிறது என்றுதான் சொல்லியிருந்தாள்.

பவதாரணி சந்தோஷப்படப் பார்த்தாள், முடியவில்லை. வகுப்பில் நடந்த பாடம் அவள் தலையில் இல்லை. அழுதுகொண்டிருந்த யாருக்கோ அவள் சொன்ன ஆறுதலுக்கு நன்றி வந்தது. என்ன சொன்னேன் என்று கேட்கக் கூச்சமாக இருந்தது. தன்னைவிட நல்லவளாக ஒருத்தி தன் பேரில் நடமாடுவதாகத் தோன்றியது. ராத்திரி கர்ச்சீப்பைச் சோப்புப் போட்டு அலசிக் காயவைத்தாள். காலையில் அதில் டீசல் வாசம் வந்தது. வகுப்பில் எல்லாரோடும் பேசிய அது, அவளோடு மட்டும் பேசவில்லை.

இரண்டு வருடம் இப்படிப் போனது. கடைசிப் பரீட்சை அன்று பழக்க தோஷத்தில் கர்ச்சீப்பை வீசினாள். அன்றைக்கென்று ஏறவும் முடிந்தது. சன்னலோரம் அது விரிந்து கிடந்தது. எடுக்கப் போனவளைக் கண்டக்டர் பால்சாமி தடுத்தார்.

“அங்க ஆளு இருக்கு தாயி.”

“நாந்தாண்ணே போட்டேன்.”

“போட்ட பிள்ள ஒக்காந்துருச்சு. டிக்கெட்டும் வாங்கிருச்சு. நீ தள்ளி நில்லு.”

பூக்கூடையோடு இருந்த அம்மாள், படிக்கிற பிள்ளைக்கு ரெண்டு ஸ்டாப்பு நிக்க முடியலையாக்கும் என்றாள். நாலைந்து பேர் சிரித்தார்கள். துண்டு போட்ட இடத்தில் இன்னொருவர் உட்காருவதை அந்த பஸ்சில் யாரும் ஒப்புக்கொண்டதில்லை. பவதாரணியும் அப்படித்தான் வளர்ந்தவள். கம்பியைப் பிடித்து, தன் இடத்துக்குப் பக்கத்திலேயே நின்றாள். வளைவில் தடுமாறியபோது, நிற்பவர்கள் எல்லாரும் செய்வதுபோல, பையை உட்கார்ந்திருப்பவளிடம் நீட்டினாள். வாங்கிக்கொள்ளப்பட்டது. பை சீட்டில் படாமல், ஒரு மடியின் உயரத்தில், இறங்கும்வரை அசையாமல் இருந்தது.

பரீட்சை அறையில் அவளுடைய எண் எழுதிய மேஜையில் கர்ச்சீப் அவளுக்கு முன்னால் வந்து கிடந்தது. ஆள் இருக்கிறது என்று சொல்ல அங்கே பால்சாமி இல்லை. பவதாரணிக்கு வேர்த்து ஊற்றியது. வேறொன்றும் தோன்றாமல் அதை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள், உட்கார்ந்தாள். கேள்வித்தாளைப் பிரித்ததும் அவள் போகாத நாட்களின் பாடமெல்லாம் தெரிந்தது. முத்துப்பிரியாவின் பேச்சின் முன்பாதியும் தெரிந்தது.

பாஸாகி, இப்போது போடியில் ஒரு ஏலக்காய்க் கடையில் கணக்கு வேலைக்குப் போகிறாள். பரீட்சை எழுதியது தான்தானா என்று சம்பளம் வாங்கும்போதுகூட யோசிப்பாள். அந்த கர்ச்சீப் பீரோவில் இருக்கிறது. ஆனாலும் காலை பஸ்சில் அந்தச் சன்னலோரத்தில் யாரும் உட்காருவதில்லை. பவதாரணி ஏறியதும் பையை அங்கே நீட்டுகிறாள். அது கீழே விழுந்ததில்லை.