திரை போட்ட கிழக்கு அறை

மார்ச் மாதம் பதினொன்றாம் தேதி, காலை ஏழே கால் மணி. வானத்தில் மருந்துக்குக்கூட மேகம் இல்லை. அப்படிப்பட்ட வெயிலை உள்ளே விடாமல் தடுப்பதற்காக, பணி ஓய்வு பெற்ற அலுவலகக் கண்காணிப்பாளர் ஒருவர் ஏணிமேல் நின்று, தம் வீட்டுக் கிழக்கு அறை ஜன்னலுக்குக் கறுப்புத் திரை மாட்டிக்கொண்டிருந்தார். ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தவள் அவருடைய மனைவி. பிடியை விட்டால் என்ன என்று அவள் ஒரு கணம் யோசித்ததை அவர் அறியார்.

அந்த அடுக்குமாடி வீட்டில் வெயில் எட்டிப்பார்க்கும் அறை அது ஒன்றுதான். ஓவியம் வரைய வெளிச்சம் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்று அதை எடுத்துக்கொண்டவர் அவரே. நான்கு மாதமாக அறையை அமைத்துக்கொண்டிருந்தார். தூரிகைகள் உயர வரிசையில் நின்றன. ஒவ்வொரு பெட்டியிலும் பெயர்ச்சீட்டு ஒட்டியிருந்தது. ‘இதர’ என்ற பெட்டிக்குள் மிச்சப் பெயர்ச்சீட்டுகள் இருந்தன. படம் என்று சொல்ல மட்டும் ஒன்றும் இல்லை. வரைய உட்கார்ந்த முதல் நாளே தாளில் வெயில் பட்டுக் கண் கூசியது. வண்ணக் கட்டிகள் வெடித்தன. பிழை சூரியனுடையது என்று முடிவுசெய்துவிட்டார்.

“வெளிச்சத்துக்குத்தானே இந்த ரூம எடுத்தீங்க?”

“வெளிச்சம் வேற, வெயில் வேற. உனக்கு அது புரியாது.”

“எனக்கு வேண்டியது வெயில்தாங்க. அத என்கிட்டயே விட்டிருக்கலாமே.”

அவளுடைய பொழுதுபோக்கு வெயிலில் எடுக்கும் நீல அச்சுப்படம். வெயில் பட்டால் நீலமாகும் மருந்து பூசிய தாளை இருட்டில் உலர்த்தி, மேலே இலையை வைத்து, கண்ணாடியால் அழுத்தி, வெயிலில் காட்டித் தண்ணீரில் அலசினால், நீலத்தின் நடுவே இலை வெள்ளையாக எழுந்து வரும். உலர்த்தத் துணி பீரோவும், வெயிலுக்கு மாடிப்படித் திருப்பமும் இதுவரை உதவின. படியில் கண்ணாடி வைக்கக் கூடாது என்று காவலாளி போன வாரம் கறாராகச் சொல்லிவிட்டார். தெருமுனை நூலகமோ, ஏப்ரலில் அவளுடைய படங்களை மாட்ட ஒரு முழுச் சுவரைத் தருவதாகச் சொல்லியிருந்தது. சுவர் தயார், படங்கள் பாதிகூட ஆகவில்லை.

“எழுதிக் குடு. பரிசீலிக்கிறேன்” என்றார் ஏணியிலிருந்து.

கேலி செய்கிறார் என்று நினைத்தாள். அவருக்குக் கேலி வராது என்பதை இத்தனை ஆண்டு குடும்பம் நடத்தியும் எப்படியோ மறந்துபோயிருந்தாள். எழுதிக் கொடுத்தாள். ‘வெயில் எவ்வளவு தேவை?’ என்ற வினாவோடு மனு திரும்பி வந்தது. ‘இருப்பது முழுவதும்’ என்று எழுதி அனுப்பினாள். அதன்பின் அது அவர் மேசையில், கனமான ஒரு கூழாங்கல்லின் கீழ் ஊறிக்கொண்டிருந்தது.

இதற்கிடையில் அவர் தம் முதல் படத்தைத் தொடங்கினார். கீழ்த்தளத்தில் குடியிருக்கும் தங்கையை வரவழைத்து நாற்காலியில் உட்காரவைத்து, திரையை இழுத்து மூடி, மஞ்சள் விளக்கொன்றை ஏற்றினார். வெளியே உச்சி வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

“அண்ணே, பட்டப்பகல்ல லைட்டப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கோம். பாத்தா சிரிப்பாங்க.”

“பேசாதே. தாடை அசையுது.”

“அசையட்டும். உயிரோட இருக்கேன்னாவது தெரியட்டும்.”

படம் முடிந்த அன்று, அதைக் கைக்குழந்தைபோல் ஏந்தி, பகல் வெளிச்சம் இருந்த கூடத்துக்குக் கொண்டுவந்தார். தங்கை எட்டிப் பார்த்தாள். வீடே அதிரும்படி கூப்பிட்டாள்.

“அண்ணி! இங்க வந்து பாருங்க. பாம்பு கடிச்ச மாதிரி நீலம் பாரிச்சுக் கிடக்கேன்!”

மிகையில்லை. கன்னம், கழுத்து, மூக்கின் ஓரம் எங்கும் நீலம். சாயம்போன துணியோடு சேர்த்து ஊறவைத்த முகம்போல இருந்தது.

“அங்க சாம்பல் நிறமாத்தான் தெரிஞ்சுது” என்றார் அவர்.

“மஞ்ச விளக்குல நீலம் நீலமாத் தெரியாதுங்க” என்றாள் மனைவி. “அதுக்குத்தான் பகல்னு ஒண்ணு வெச்சிருக்கு. போகட்டும், இந்த வீட்டுல நீலம் என் வேலை. அதுலயும் கை வைக்கணுமா?”

“அண்ணே, மரியாதையா அண்ணிக்கு ரூம விட்டுடு” என்றாள் தங்கை. “இல்லேன்னா இந்தப் படத்துக்குக் கீழ உன் பேரப் போட்டு, நானே நூலகத்துச் சுவத்துல மாட்டிடுவேன்.”

மாலையில் மனைவி தொட்டியில் தாள் அலசிக்கொண்டிருந்தபோது, அவர் கையில் ஒரு தாளோடு வந்து தொண்டையைச் செருமினார். தாள் அவர் கையில் இருக்கும்போதே அவள் அதைப் படித்தாள்.

‘மேற்படி அறையில் வெளிச்சம் அளவுக்கு மீறி உள்ளமை ஆய்வில் தெரியவந்ததால், அவ்வறை ஓவியப் பணிக்குத் தகுதியற்றது என முடிவுசெய்யப்பட்டு, மனுதாரருக்கு ஒதுக்கப்படுகிறது. கறுப்புத் திரையை மனுதாரர் தம் சொந்தச் செலவில் அகற்ற வேண்டும்.’

கீழே, ஒரு மாவட்டத்தையே ஒதுக்கித் தந்தவருடையதுபோல் அகன்ற கையொப்பம். பழி கடைசிவரை சூரியனைவிட்டு இறங்கவில்லை.

“கடைசி வரிய அடிங்க.”

“ஏன்?”

“திரை இருக்கட்டும். மருந்து பூசின தாள் இருட்டுலதான் காயணும். பீரோவுல வெச்சு என் துணியெல்லாம் கறை. நாலு மாசத்துல அந்த ரூமுக்கு நீங்க செஞ்ச உருப்படியான வேலை அது ஒண்ணுதான்.”

அவர் அளவுகோல் வைத்து அந்த வரியை அடித்தார், ஓரத்தில் சுருக்கொப்பம் இட்டார், தேதியும் போட்டார். தமக்குக் கிடைத்தது பாராட்டா, வேறொன்றா என்று தீர்மானிக்க முடியாத முகத்தோடு தாளை நீட்டினார். அவள் ஈரக்கையைத் துண்டில் அவசரமின்றித் துடைத்துக்கொண்டு, அதை வாங்கிக்கொண்டாள்.