பொறிக்காரர் போட்ட பாதை

சிஞ்ஞோர் ஆல்தோ வாய் திறந்து எழுபது நாளாகிவிட்டது. பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியால் திரும்பியதிலிருந்து, பொலிதேயாமா சதுக்கத்து வீட்டின் பல்கணிக் கதவடியில் பிடித்து வைத்த பிள்ளையார் மாதிரி இருக்கிறார். பேச்சு வரலாம், அவர்தான் முயலவில்லை என்றார் டொக்டர். இன்று பின்னேரம் மகள் சில்வானா வருகிறாள். தகப்பனுக்கு எதுவும் விளங்கவில்லை என்று அவள் முடிவெடுத்தால், திங்கட்கிழமை முதியோர் இல்லம்தான்.

அவரைப் பார்த்துக்கொள்ளும் றோசமலருக்கு வேலை போவது ஒரு பக்கம். எட்டு வருஷம் பழகிய கிழவரை அந்நியர் கையில் விடுவதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

எட்டு வருஷமும் அவர் சொன்னது ஒரே கதை. வடக்கே, ஆல்ப்ஸ் மலையில் அவர் பிறந்த பள்ளத்தாக்கில் ஒரு காலத்தில் ஈ காக்கை இல்லையாம். தோலுக்காக நரிக்கும் மரநாய்க்கும் பொறி வைக்க ஏழு பேர் போனார்களாம். பொறியைப் பார்க்கத் தினமும் நடந்த தடம்தான் பிறகு ரோட்டு. தோல் காயப்போட்ட மேடுதான் சந்தை. தோல் வாங்க வந்த வியாபாரி தங்கிய குடிசையைச் சுற்றித்தான் ஊர். ஏழு பேரில் ஒருவர் அவருடைய பூட்டன். இதை றோசமலர் தூக்கத்திலும் ஒப்புவிப்பாள்.

அவரைப் பேசவைக்க, காலையில் ஜெபமாலை சொன்னாள், பழைய பாட்டுப் போட்டாள், கெஞ்சினாள். ஒன்றும் எடுபடவில்லை.

மத்தியானம் போர்கோ வெக்கியோ சந்தைக்கு மீன் வாங்கப் போனாள். விலை கேட்டால் தலை நிமிராத மீன்காரன் ஒருவன் அங்கே உண்டு. எரிச்சலில், "நேற்றைய மீன்தானே?" என்று கேட்டுவிட்டாள். அவன் போட்ட சத்தம் துறைமுகம் வரை கேட்டிருக்கும். வாய் திறக்காதவனை ஒரு பொய்ப்பழி கத்த வைத்துவிட்டதே! றோசமலர் மீனை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினாள்.

சில்வானா முதியோர் இல்லத்தின் கடுதாசியோடு வந்திருந்தாள்.

"சிஞ்ஞோரா, உங்கட அப்பான்ர ஊர்க்கதை தெரியுமோ? நான் சொல்லுறன்," என்று றோசமலர் கிழவருக்கு முன்னால் இருந்தாள். "அங்கை ரோட்டுப் போட்டது பட்டாளத்துக்காரர்."

கிழவரின் இமை துடித்தது.

"சந்தையைத் தொடங்கினது பக்கத்துப் பள்ளத்தாக்கு ஆட்டுக்காரர்."

அவருடைய வலக்கை கதிரையைப் பிறாண்டியது. றோசமலருக்குப் பாவமாக இருந்தது. ஆனாலும் விடவில்லை.

"பொறிக்காரரோ? அவங்கள் வெறும் கோழிக்கள்ளர்!"

"பொய்!"

துருப்பிடித்த கதவு திறந்த மாதிரி ஒரு குரல். கிழவர் மூச்சு வாங்கினார். "ஏழு... ஏழு பேர். என்ர பூட்டன்... நடந்த தடம்!"

"ஓம், நான் பிழையாச் சொல்லிப்போட்டன்," என்றாள் றோசமலர், கண்ணைத் துடைத்தபடி. "நீங்களே சரியாச் சொல்லுங்கோ."

சில்வானா அழுதுகொண்டே கடுதாசியைக் கைப்பைக்குள் திணித்தாள். பிறகு கதிரையைத் தகப்பனருகே இழுத்துப் போட்டாள்.

"முதலிலையிருந்து சொல்லுங்கோ, அப்பா."