சத்தம் வாங்கும் முறை

கொக்கேரிப்பட்டில் துப்பாக்கிச் சத்தம் ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு வீட்டில்தான் கேட்கும். உத்திரமேரூர் போகிற சாலைக்கும் ஊர் ஏரிக்கும் நடுவில் சென்னைக்காரர்கள் சிலர் சேர்ந்து துப்பாக்கி சுடும் திடல் ஒன்றைப் போட்டிருந்தார்கள். செவ்வாயும் சனியும் காலை பத்து மணிக்குச் சுடுவார்கள். ஏரி நடுவே இருக்கும் நீர்க்கடம்ப மரங்களிலோ நாரைகள் முட்டையிடும். அந்த ஊரில் தீபாவளிக்கே பட்டாசு வெடித்து மூன்று தலைமுறை ஆகிறது; கல்யாண மேளம்கூட ஏரிக்கரையைத் தாண்டிய பிறகுதான் வாயைத் திறக்கும். முதல் செவ்வாய் சுட்டபோது நாரைகள் எழும்பி மூன்று நாள் கூட்டில் உட்காரவில்லை. முட்டையெல்லாம் கூமுட்டை ஆயிற்று. ஊர் கூடிப் பேசியது. தடுக்க முடியாததைப் பங்கு போட்டுக்கொள்வோம், ஏரித் தண்ணீருக்கு முறை வைப்பதுபோல இதற்கும் வைப்போம் என்றார் ஏரிப்பாசனத் தலைவர் வரதன். வயதுக்கு வந்த எல்லாருடைய பெயரையும் துண்டுச்சீட்டில் எழுதிக் குடத்தில் போட்டுக் குலுக்கினார்கள். குடவோலை கண்ட ஊருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு வேறு எப்படி எடுப்பது? அன்று முதல் யார் பெயர் வந்ததோ அவர் வீட்டுக்குள் மட்டும் மொத்தச் சத்தமும் இறங்கியது. தண்ணீர் முறையில் காலனிக்கு என்றைக்கும் இடம் இருந்ததில்லை. சத்த முறையில் மட்டும் மறக்காமல் சேர்த்துக்கொண்டார்கள்.

பெயர் வந்தவர் தன் வீட்டில் உட்கார்ந்து வாங்க வேண்டும், அவ்வளவுதான் சட்டம். ஒரு தடவை வரதனே வேலை இருப்பதாகச் சொல்லி வாலாஜாபாத்துக்கு நழுவினார். வாங்க ஆளில்லாத சத்தம் நேரே ஏரியில் போய் இறங்கியது. நூறு முட்டை வீண். பிறகு ஒருவரும் நழுவவில்லை. முறை வந்த வீட்டில் பரணிலிருந்து பாத்திரங்களை இறக்கி வைப்பார்கள், பிள்ளைகளைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்புவார்கள், காதில் பஞ்சு அடைத்துக்கொள்வார்கள். பக்கத்து வீட்டில் சீரியல் ஓடும்.

மூன்றாம் வருடம் திடல்காரர்கள் வாரம் ஏழு நாளும் சுட அனுமதி கேட்டார்கள். ஏரிக்கரையில் சத்தம் எவ்வளவு என்று அளந்து சொல்ல, அனுமதி தரும் அரசு அலுவலகத்திலிருந்து ஜெயப்பிரியா வந்தாள். ஒலி அளப்பதே அவள் தொழில். பதினோரு வருடமாக ஜெனரேட்டர், கல்குவாரி, ரயில் என்று எதையும் விட்டதில்லை. கரையில் முக்காலியை நிறுத்தி மைக்கைப் பொருத்திக் காத்திருந்தாள். பத்து மணிக்கு எதிரே புகை வந்தது, சுட்டவர்களின் தோள்கள் அதிர்ந்தன, மீட்டரில் நாற்பத்தொன்று டெசிபல். அது நெற்பயிர் அசையும் சத்தம். மீட்டரைச் சோதிக்கும் கருவியை மைக்கில் மாட்டிப் பார்த்தாள். தொண்ணூற்று நான்கு காட்ட வேண்டியது தொண்ணூற்று நான்கே காட்டியது. நாற்பத்தொன்று என்று எழுதிக் கொடுத்தால் அடுத்த வாரமே அனுமதி கிடைத்துவிடும். ஊர் அத்தனை ஒழுங்காக மறைத்து வைத்திருந்தது.

அடுத்த செவ்வாய் மறுபடி அளக்க வந்தவளிடம் காலனியிலிருந்து பீட்டர் ஓடி வந்தான். "மேடம், இங்க வெச்சா ஒண்ணும் வராது. இன்னிக்கு எங்க வூட்டு முறை. வந்து பாருங்க."

சீட்டில் வந்திருந்தது அவன் மனைவி செவ்வந்தியின் பெயர். நிறைமாதம். என் பெயருக்கு மாற்றிக் கொடுங்கள் என்று பீட்டர் கெஞ்சியிருக்கிறான். வரதனும் மாற்றி எழுதிப் பார்த்தார், குடத்திலிருந்து மறுபடி அவள் பெயரே வந்தது. செவ்வந்தி அடுப்படியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். "பொறந்த கொயந்தன்னா பக்கத்து வூட்டுக்கு அனுப்பிடலாம். வயித்துல கீறத எங்கக்கா அனுப்புறது? நான் எய்ந்து போனா அங்க அத்தினி குஞ்சும் பூடும்" என்றாள்.

ஜெயப்பிரியா அடுப்புக்குப் பக்கத்தில் மீட்டரை நிறுத்தினாள். தன் காதுமூடியைக் கழற்றி, அதன் இரண்டு கிண்ணங்களையும் செவ்வந்தியின் வயிற்றில் இரு பக்கமும் வைத்து, தன் இரண்டு கைகளாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். பத்து மணி. முதல் வெடியில் தட்டுகள் தரையில் துள்ளின. நூற்று முப்பத்தொன்பது. வாசற்படிக்கு அந்தப் பக்கம் ஒரு கோழி நிதானமாகக் கொத்திக்கொண்டிருந்தது. தூரத்தில் ஏரி மரங்களில் ஒரு இறகுகூட அசையவில்லை. நாற்பத்திரண்டு வெடி. காது இரைந்தது, கண்ணில் நீர் வழிந்தது. நடுவில் ஒரு தடவை கிண்ணத்தோடு சேர்த்து அவள் உள்ளங்கையை உள்ளிருந்து ஒரு கால் உதைத்தது. முடிந்ததும் கருவியை மாட்டிச் சோதித்தாள். தொண்ணூற்று நான்கு.

அறிக்கையில் இரண்டையும் எழுதினாள். ஏரிக்கரை: 41. செவ்வந்தி வீட்டு அடுப்படி: 139. மேலிடம் சிரித்தது, வேறு இருவரை அனுப்பியது. அவர்கள் அன்று முறை வந்த முத்துவேல் வீட்டில் அளந்து, அதே எண்ணோடு திரும்பினார்கள். ஏழு நாள் கோரிக்கை தள்ளுபடியானது. இரண்டு நாள் மட்டும் நீடிக்கிறது.

செவ்வந்தி வீட்டில் அளந்த அன்று ஊரைவிட்டுக் கிளம்புமுன் ஜெயப்பிரியா ஒரு சீட்டில் தன் பெயரை எழுதி வரதனிடம் நீட்டியிருந்தாள். "வெளியூர் பேரு செல்லுமோ செல்லாதோ" என்று தயங்கித்தான் அவர் குடத்தில் போட்டார். செல்லுகிறது. இரண்டு வருடத்தில் ஐந்து தடவை வந்துவிட்டது. வரதன் முதல் நாளே போன் செய்துவிடுவார். தாம்பரத்தில் மூன்றாம் மாடியில் அவள் லீவு சொல்லிவிட்டு, கண்ணாடி டம்ளர்களைத் தரையில் இறக்கி, மீட்டரை நிறுத்தி உட்காருவாள். எதிர் வீட்டுக்காரர் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். நாற்பது சொச்சம் வெடியும் முடிந்ததும் செவ்வந்தியைக் கூப்பிடுவாள்.

"நாரை எழுந்துச்சா?"

"இல்லக்கா, குந்திக்கினுதான் கீது. பாப்பாவும் தூங்கிக்கினு கீது."

சரி என்று சொல்லி, எண்ணைக் குறித்துக்கொண்டு, டம்ளர்களை மறுபடி அலமாரியில் அடுக்குவாள்.